ஒரு விரலுக்கு எத்தனை

சுண்டு விரலின் அடிக்கணுவில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு அங்கன்வாடி வாசலில் நிற்கிறார் சித்ரகலா டீச்சர். ஒரு குழந்தை உள்ளே நுழைந்தால் கட்டைவிரல் ஒரு கணு மேலே ஏறும். இன்னொன்று நுழைந்தால் இன்னொரு கணு. விரலுக்கு மூன்று கணு, நான்கு விரல், ஆக ஒரு கைக்கு ஒரு டஜன். பன்னிரண்டு முடிந்ததும் இடது கைக்கு மாறிவிடுவார். ஒன்பதே முக்காலுக்கு உள்ளே திரும்பி, ஆயா பழனாயியிடம் கணக்கு ஒப்பிப்பார்: "ஒரு டஜன் நாலு பீஸுங்க. ஃபுல் பேக்கிங்."

பீஸ் என்று அவர் சொல்வது குழந்தைகளைத்தான். முதல் தடவை காதில் விழுந்தபோது எனக்குச் சுருக்கென்றது. எதிர்க்கடையில் உட்கார்ந்து பனியன் லேபிள் அச்சடிக்கிறவன் நான். நமக்கெதற்கு வம்பு என்று இருந்திருக்கலாம். வாய் சும்மா இருக்குமா, கேட்டுவிட்டேன். "பதினோரு வருசம் பனியன் கம்பெனியில செக்கிங், பேக்கிங்குல நின்னவளுங்கண்ணா. டஜன் டஜனா மடிச்சு அட்டப்பொட்டில அடுக்குன கை. பொழப்பு மாறிப்போச்சு, வாய் மாறமாட்டேங்குது" என்றார். வராத பிள்ளை அவருக்கு 'ஷார்ட்டேஜ்'. மூக்கு ஒழுகும் பிள்ளை 'ஆல்ட்ரேஷன்'. துடைத்துவிட்டால் 'ஓகே'. 'ரிஜெக்ட்' என்ற சொல்லை மட்டும் அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. பழனாயி ஒருநாள் விளையாட்டாக ஒரு பையனை அப்படிச் சொல்லப்போக, சாயங்காலம் வரை டீச்சர் அந்தம்மாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

டீச்சருக்கு நாற்பத்து மூன்று வயது. பிறந்த ஊர் ஊத்துக்குளிப் பக்கம். ஊர்ப் பேரைச் சொன்னதுமே எல்லாரும் வெண்ணெய் கேட்கிறார்களாம். "நாங்க வித்தவங்கதானுங்க, தின்னவங்க இல்லீங்க" என்பார். அப்படி ஒரு ஒல்லி உடம்பு. முந்தானை ஓரத்தில் எப்போதும் இரண்டு மூன்று சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருக்கும். செக்கிங் மேசையில் துணியைப் பார்க்கிறவர்கள் ஓட்டை, கறை, தையல் விட்டுப்போன இடம் எது கண்ணில் பட்டாலும் அதன் பக்கத்தில் இந்த அம்பை ஒட்டிவிடுவார்கள். கோளாறு இங்கே என்று அர்த்தம். அதற்குமேல் யாரும் யாரிடமும் பேசவேண்டியதில்லை. கம்பெனியை விட்டு வரும்போது அந்த ஸ்டிக்கரில் நாலு ரோலும் அவரோடு வந்துவிட்டது. இப்போது அதை வைத்து ஒரு விளையாட்டு. சுவரில் விரிசல் எங்கே, பாயில் கிழிசல் எங்கே, டீச்சர் தலையில் நரை எங்கே என்று பிள்ளைகள் தேடிப்போய் அம்பு ஒட்டவேண்டும், ஒட்டியதை எண்ணவேண்டும். நரையில் ஒட்டப்பட்ட அம்புகளோடு அவர் ஒரு முறை மேலதிகாரியின் கூட்டத்துக்கே போய் வந்தார்.

அவர் 'ஒன்று, இரண்டு' சொல்லிக்கொடுத்து நான் பார்த்ததில்லை. புதுப் பிள்ளையைச் சேர்க்க ஓர் அம்மா வந்தால், அப்பா பெயர், ஆதார் எண் எல்லாம் பிறகுதான். முதல் கேள்வி, "நீங்க சின்னதுல என்னங்க வெளையாடுனீங்க?" கேட்கப்பட்டவர் வெட்கப்பட்டு முந்தானையைக் கடிப்பார். அப்புறம் வாய் திறந்தால் நிற்காது. ராமநாதபுரத்திலிருந்து வந்தவர் சோழி உருட்டுவதைச் சொல்வார், மூலனூர்க்காரர் புளியங்கொட்டையைக் கைக்குள் மூடிக்கொண்டு ஒத்தையா இரட்டையா கேட்பதைச் சொல்வார். எல்லாம் ஒரு நீள நோட்டில் ஏறும். மறுநாள் அந்த விளையாட்டைத்தான் எல்லாப் பிள்ளைகளும் ஆடும். "அம்மா வெளையாட்ட இங்க கண்டுச்சுன்னா புள்ளைக்கு இதும் நம்ம ஊடுதான்னு தோணுமுங்க. தோணிப்போச்சுன்னா கணக்கு தன்னால வருமுங்க" என்பது அவர் கட்சி.

கருவிகள் எல்லாம் திருப்பூர் தானமாகக் கொடுத்தவை. காலி முட்டை அட்டை பல்லாங்குழி ஆகும். நூல் சுற்றித் தீர்ந்த காகிதக் கூம்புகளை வரிசையாக நிறுத்திக் கல்லால் அடித்து விழ வைத்து, விழுந்தது எத்தனை, நின்றது எத்தனை. கட்டிங்கில் விழும் பனியன் துண்டுகளை முடிச்சுப் போட்டுப் பாம்பு செய்து, முடிச்சை எண்ணுவது. என் பங்குக்குத் தப்பாக அச்சான சைஸ் லேபிள்களை வாரி வாரிக் கொடுக்கிறேன். அதில் வந்த வினையைச் சொல்லவேண்டும். எழுபத்தைந்து, எண்பது, எண்பத்தைந்து என்றுதானே பனியன் சைஸ் போகும்? முனீஸ் என்று ஒரு நாலு வயசுப் பையன். ஆறுக்கு அப்புறம் என்ன என்று கேட்டால் திருதிருவென்று முழிப்பான். எண்பதுக்கு அப்புறம் என்ன என்றால் தூக்கத்தில்கூடச் சொல்வான், "எம்பத்தஞ்சு!" அதற்கப்புறம் தொண்ணூறாம். டீச்சருக்கு அதில் துளியும் வருத்தமில்லை. "அவன் பெரிய சைஸ்ல ஆரம்பிச்சிருக்கானுங்க, கீழ எறங்கி வருவான்" என்றார்.

ஆடி மாதம் எங்கள் சந்துக்குள் காற்று வந்தால் அதோடு பஞ்சும் வரும். பின் தெருவில் நிட்டிங் மிஷின்கள் ஓயாமல் ஒரே சுருதியில் ஓடிக்கொண்டிருக்கும். பகல் ஒரு மணிக்குப் பதினாறு பிள்ளைகளும் சோறு தின்ற மயக்கத்தில் பாயில் சாய்ந்துவிடும். மேல் ஜன்னல் வழியாக இறங்கும் வெயிலில் பஞ்சுத் துகள் மேலும் கீழும் மிதக்கும். தரையிலும் சேராது, வெளியிலும் போகாது. அந்த நேரம் பார்த்து எனக்கு ஏதாவது லேபிள் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை வந்துவிடும். உண்மையைச் சொன்னால் வேலை ஒன்றுமில்லை. அங்கே உட்கார்ந்தால் நானே நாலு வயசுப் பிள்ளையாகிவிட்ட மாதிரி இருக்கும், அதற்காகத்தான் போவது. டீச்சர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, ஏறி இறங்கும் பதினாறு வயிறுகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். கட்டைவிரல் அப்போதும் நடந்துகொண்டே இருக்கும்.

அந்தப் பதினாறில் பதினாறாவதாக வந்தவள் சல்கி. அவளால்தான் இதை எழுதுகிறேன்.

ஐந்து வயது முடியப்போகிறது. ஜார்க்கண்டில் சந்தால் பழங்குடிக் குடும்பம். அப்பா சாயப்பட்டறையில், அம்மா ஃபூல்மணி பேக்கிங்கில். சித்ரகலா முன்பு வேலை பார்த்த அதே கம்பெனிதான். அங்கே ஃபூல்மணி என்று கூப்பிட யாருக்கும் நாக்கு வளையாததால் பூமணி ஆகிவிட்டார். சல்கி வந்து எட்டு மாதமாகிறது. எட்டு மாதத்தில் அவள் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை, தமிழிலும் இல்லை, தன் மொழியிலும் இல்லை. அழவும் மாட்டாள். சொன்னால் உட்காருவாள், கொடுத்தால் தின்பாள், கண் மட்டும் எல்லாவற்றின் மேலும் போய் வரும்.

பேசாத பிள்ளைக்குக் கணக்கு தெரியுமா என்று எப்படிப் பார்ப்பது? சித்ரகலாவுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. புளியங்கொட்டையைப் பரப்பி, எத்தனை என்று புருவத்தைத் தூக்கினார். சல்கி தன் கையைப் பார்த்தாள். அவள் கட்டைவிரல் சுண்டு விரலின் அடியிலிருந்து மெதுவாக மேலே ஏறி ஓரிடத்தில் நின்றது. டீச்சர் பூரித்துப்போனார். "பாருங்கண்ணா, விரலு எண்ணுது. வேற டீச்சரா இருந்தா புள்ள சும்மா கைய நோண்டுதுன்னு நெனச்சிருப்பாங்க" என்று என்னிடம் பெருமை அடித்துக்கொண்டார். பெருமை நாலு நாள்தான். ஒரு கொட்டை, இரண்டு, மூன்று வரை விரல் சரியான கணுவில் நின்றது. நாலு வைத்தால் மூன்றில் நின்றது. ஐந்து வைத்தால் நாலில். ஏழுக்கு ஆறில். மறுவாரமும் அப்படியே. மாத முடிவில் பிள்ளையின் மதிப்பீட்டு அட்டையில் டீச்சர் தம் குண்டு குண்டான கையெழுத்தில் எழுதினார்: 'எண்ணத் தெரியவில்லை. மூன்றுக்கு மேல் தடுமாறுகிறாள்.' ஃபூல்மணி வந்தபோது அதையே போனில் இந்தியில் மாற்றிக் காட்டினார். அவர் படித்தார், தலையை ஆட்டினார், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

இரண்டு நாள் கழித்து வந்து நின்றார் ஃபூல்மணி. "அக்கா, பாப்பா ஸ்லோ. இங்க புரியல. சனிக்கிழமை என் தம்பி ஊருக்குப் போகுது, பாப்பாவும் போகுது. அங்க பெரியம்மா இருக்கு."

"நீ?" என்றார் சித்ரகலா.

"நான் வேல."

இனி வருஷத்துக்கு ஒரு தடவை, லீவு கிடைத்தால், பத்து நாள் பார்த்துக்கொள்ளலாம். திருப்பூரில் இது புதிதொன்றுமில்லை, ரயில் நிலையத்தில் போய் நின்றால் தினம் நாலு குடும்பம் இப்படிப் பிரிவதைப் பார்க்கலாம். ஆனால் இந்தப் பிரிவுக்குக் காரணம் இரண்டு வரி எழுத்து. எழுதியவர் அன்று பகல் முழுக்க ஒன்றையும் எண்ணவில்லை. "பாத்ததத்தானுங்க எழுதுனேன்" என்று நான் கேட்காமலே இரண்டு தடவை சொன்னார்.

வியாழக்கிழமை முட்டை போட்டார்கள். ஜன்னல் பக்கத்து வரிசையில் ஒன்பது பிள்ளைகள். தண்ணீருக்கு டம்ளர் கொண்டுவரச் சொல்லி, கிட்டே இருந்தாள் என்பதற்காகச் சல்கியைச் சமையலறைக்கு அனுப்பினார் டீச்சர். அவள் உடனே போகவில்லை. வரிசையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரு முறை பார்த்தாள். கட்டைவிரல் நடந்தது. உள்ளே போனாள். இரண்டு நடையாக டம்ளர்களைக் கொண்டுவந்து ஆளுக்கொன்றாக வைத்தாள். கடைசி டம்ளர் கடைசிப் பிள்ளைக்கு.

பழனாயிதான் முதலில் கவனித்தார். "ஏனுங்க டீச்சர், கணக்குத் தெரியாத புள்ள ஒம்பது டம்ளர் கொண்டாந்திருக்குதுங்க. ஒண்ணு கூடல, ஒண்ணு கொறையல."

சித்ரகலா டம்ளரைப் பார்க்கவில்லை. சல்கியின் கையைப் பார்த்தார். டம்ளரை வைத்து முடித்த கட்டைவிரல் மறுபடி தன் இடத்துக்குப் போய் நின்றிருந்தது, நடுவிரலின் அடியில். அவர் கணக்குப்படி அது ஏழு.

மூன்று மணிக்குப் பிள்ளைகள் எழுந்து சுண்டல் தின்றுகொண்டிருந்தபோது சந்தின் எதிர்ப்பக்கம் என் கடைக்கு வந்தார். செருப்பைக்கூடப் போடவில்லை. வலது கையை என் மேசை மேல் மல்லாத்தி வைத்தார். "அண்ணா, இந்தக் கையப் பாருங்க. நான் கணுவ எண்ணுறேன். விரலுக்கு மூணு. அவ கோட்ட எண்ணுறா. அடிக்கோடு, நடுக்கோடு, மேக்கோடு, அதுக்கும் மேல விரல் நுனி. விரலுக்கு நாலு. அவ நாலுன்னு நுனியில வெச்சா நான் அத மேக்கணுன்னு படிச்சு மூணுன்னு எழுதிப்போட்டேன். அவ அடுத்த விரலுக்கு வர்றப்ப அஞ்சு, எனக்கு அது நாலு. ஏழு வரைக்கும் ஒண்ணு கொறையும், எட்டுல இருந்து ரெண்டு கொறையும். புளியங்கொட்டைய வெச்சு இப்பத்தான் பாத்தேன், ஒரு தடவ மாறல."

நான் என் விரல்களை எண்ணிப் பார்த்தேன். எனக்கு மூளை கொஞ்சம் மெதுவாகத்தான் ஓடும்.

"ஒரு பீஸ்ல ஓட்ட எங்க வேணா விழுமுங்கண்ணா. எல்லாப் பீஸும் ஒரே எடத்துல ஒரே அளவு கொறஞ்சா அது துணிக் கோளாறில்ல, அளந்த அட்டையில கோளாறு. பதினோரு வருசம் பாத்தவளுக்கு இது தெரியவேண்டாமுங்களா? நாந்தான் அந்த அட்டை." அவர் கண் கலங்கியிருந்தது. "வர்ற அம்மாங்ககிட்ட எல்லாம் மொதல்ல வெளையாட்டக் கேக்குறேன்னு பீத்திக்கிறேன். அந்தப் பூமணிகிட்ட நான் கேக்கவே இல்லீங்க. பாசை புரியாதேன்னு விட்டுப்போட்டேன்."

பிள்ளையின் மதிப்பீட்டு அட்டை அலுவலகப் பொருள், அதில் அடித்துத் திருத்தக் கூடாதாமே என்று நான் இழுத்தேன். அவர் அங்கன்வாடிக்குத் திரும்பினார். முந்தானையிலிருந்து ஒரு சிவப்பு அம்பை உரித்து, அந்த அட்டையில், தாம் எழுதிய இரண்டு வரிக்குப் பக்கத்தில் ஒட்டினார்.

வெள்ளிக்கிழமை பகல், பிள்ளைகள் தூங்கும் நேரம். பழனாயியைக் காவல் வைத்துவிட்டு என் மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து கம்பெனி கேட்டுக்கு வந்தார். வேலையை விட்ட பிறகு அந்தப் பக்கமே வந்ததில்லையாம். வெயில் வெள்ளையாக அடித்தது. காற்று புழுதியையும் பஞ்சையும் சேர்த்து உருட்டிக்கொண்டு போனது. உணவு இடைவேளைக்கு மணி அடித்து, கேட் திறந்து, கழுத்தில் அடையாள அட்டை தொங்கப் பெண்கள் கும்பல் கும்பலாக வெளியே வந்தார்கள். தமிழ், இந்தி, ஒடியா எல்லாம் ஒரே இரைச்சலாகக் கேட்டது. ஃபூல்மணி சோற்றுத் தூக்குப்போசியோடு வந்தார். டீச்சரைக் கண்டதும் நடை நின்றுவிட்டது.

"பாப்பா என்ன ஆச்சு அக்கா?"

"ஒண்ணுமில்ல, நல்லாருக்குது, தூங்குது" என்று சொல்லிவிட்டு, சித்ரகலா அட்டையை நீட்டினார். போனை எடுத்து இந்தியில் மாற்றப் போகிறார் என்று நினைத்தேன். எடுக்கவில்லை.

ஃபூல்மணிக்குத் தமிழ் எழுத்து படிக்கத் தெரியாது. ஆனால் அம்பு தெரியும். தினம் ஆயிரம் பீஸில் அதைப் பார்க்கிறவர். அம்பு காட்டிய இடத்தைக் குனிந்து பார்த்தார். விரலால் தடவினார். கறையா, கிழிசலா என்று தேடுவதுபோல அட்டையை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். அங்கே அந்த இரண்டு வரி எழுத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. நிமிர்ந்தார்.

"கோளாறு இதுல" என்று எழுத்தைத் தொட்டார் சித்ரகலா. பிறகு தம் நெஞ்சைத் தொட்டார். "தப்பு என்னுது. பாப்பா ஸ்லோ இல்ல. நாந்தான் ஸ்லோ."

அப்புறம் இருவரும் கேட்டோரம் நிழலில் கையை மல்லாத்திக்கொண்டு நின்றார்கள். "ஒரு டஜன் எண்ணு" என்றார் டீச்சர். ஃபூல்மணி கம்பெனிப் பழக்கப்படி விரலுக்கு மூன்றாக, நாலு விரல் எண்ணினார். "இல்ல, ஊட்ல. ஊட்ல எப்படி எண்ணுவ?" என்றார் டீச்சர். ஃபூல்மணியின் கட்டைவிரல் மறுபடி அடியிலிருந்து கிளம்பியது. கோடு, கோடு, கோடு, நுனி. மூன்று விரலில் பன்னிரண்டு முடிந்துவிட்டது. ஆட்காட்டி விரல் மிச்சம் நின்றது. ஊரில் சால் மரத்து இலையில் தட்டு தைத்து விற்பார்களாம், நாலு நாலாகத்தான் அடுக்குவார்களாம். மூன்று வயது வரை சல்கி அந்த இலைக் கட்டுகளுக்கு நடுவில்தான் உட்கார்ந்திருந்தாளாம். இதைச் சொல்ல அவருக்கு இருபது தமிழ்ச் சொல்லும் இரண்டு கையும் போதுமானதாக இருந்தது.

சொல்லிக்கொண்டே வந்தவருக்கு ஏதோ ஞாபகம் வந்து சிரிப்பு பொத்துக்கொண்டது. "அக்கா, நான் புதுசு. சூப்பர்வைசர் சொல்லிச்சு, நாலு விரல் ஒரு பொட்டி. நான் நாலு விரல் வெச்சேன். ஒவ்வொரு பொட்டியும் பதினாறு. நாள் பூரா. சூப்பர்வைசர் கத்துச்சு, கத்துச்சு!" சித்ரகலாவும் சிரித்தார், நானும் சிரித்தேன். முதலில் நிறுத்தியது ஃபூல்மணிதான். தன் கையைப் பார்த்தார். பிறகு அட்டையைப் பார்த்தார். அதே தப்புக்காகத்தான் தன் மகள் ஊருக்குப் போகிறாள் என்பது அந்த முகத்தில் வந்து இறங்குவதை நான் பார்த்தேன். அப்படி ஒரு முகத்தை அவ்வளவு கிட்டத்தில் பார்த்திருக்க வேண்டாம் என்று இருந்தது.

"நீ சின்னதுல என்ன வெளையாடுன?" என்று எட்டு மாதம் தாமதமாகக் கேட்டார் சித்ரகலா. புரியவில்லை. கையால் தூக்கிப் போட்டுப் பிடித்துக் காட்டினார். ஃபூல்மணி குனிந்து சாலையோர ஜல்லியில் ஐந்து கல் பொறுக்கினார். நாலைத் தரையில் விட்டு ஒன்றை மேலே எறிந்தார். அது இறங்குவதற்குள் நாலையும் ஒரே வாரில் வாரி, இறங்கியதையும் பிடித்துவிட்டார். மணி அடித்தது. கல்லை டீச்சர் கையில் கொட்டினார், அட்டையைத் தூக்குப்போசி மேல் வைத்துக்கொண்டார். சோறு தின்னவே இல்லை.

"டிக்கெட் ஆயிடுச்சு அக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார். கேட் சாத்திக்கொண்டது.

சனிக்கிழமை சல்கி வரவில்லை. பழனாயி வழக்கம்போல, "ஷார்ட்டேஜ் ஒண்ணுங்களா?" என்று கேட்க, டீச்சர் காதில் விழாததுபோல உள்ளே போய்விட்டார். பிள்ளைகளோடு அந்த ஐந்து கல்லைப் போட்டு ஆடினார். ஒரே வாரில் நாலும் அவருக்கு வரவில்லை, இரண்டுதான் வந்தது. ஞாயிற்றுக்கிழமை கடையை மூடிவிட்டு நான் என்னத்தையோ செய்தேன். என்ன செய்தேன் என்பது நினைவில்லை. ரயில் இப்போது எந்த ஊரைத் தாண்டியிருக்கும் என்று போனில் பார்த்தது மட்டும் நினைவிருக்கிறது. யார் பிள்ளையோ, எனக்கென்ன வந்தது? வந்திருந்தது, வேறென்ன சொல்ல.

திங்கட்கிழமை ஒன்பதரைக்கே தப்பு லேபிள் ஒரு கட்டைத் தூக்கிக்கொண்டு போய் அங்கன்வாடி வாசலில் நின்றேன். சித்ரகலா வழக்கமான இடத்தில் நின்றிருந்தார். முதல் பிள்ளை முனீஸ், "எம்பது" என்று தன்னைத் தானே எண்ணிக்கொண்டு உள்ளே ஓடினான். இரண்டாவது, மூன்றாவது. நாலாவது பிள்ளைக்கு டீச்சரின் கட்டைவிரல் மோதிர விரலுக்குத் தாவவில்லை. சுண்டு விரலின் நுனிக்கு ஏறியது. பதினோரு வருஷமும், அதற்குப் பின் ஆறு வருஷமும் அந்த விரல் போகாத இடம். பிறகுதான் அடுத்த விரல். எட்டு, மோதிர விரல் நுனி. பன்னிரண்டு, நடுவிரல் நுனி. ஆட்காட்டி விரலில் அடிக்கோடு, நடுக்கோடு, மேல்கோடு. பதினைந்து பிள்ளைகள் வந்தாயிற்று. உள்ளே பழனாயி பாய் விரிக்கும் சத்தம் கேட்டது.

ஒன்பதே முக்கால் ஆனது. கணக்கு ஒப்பிக்க அவர் உள்ளே திரும்பவில்லை. கட்டைவிரல் மெல்ல ஆட்காட்டி விரலின் நுனிக்குப் போய், ஆளே வராத அந்த இடத்தில் அழுத்திக்கொண்டு நின்றது. நகம் வெளுத்திருந்தது. சந்து முனையில் பஞ்சு உருண்டுகொண்டிருந்தது. மொபெட் ஒன்று போனது. தண்ணீர் கேன் வண்டி போனது. பிறகு திருப்பத்தில், கம்பெனி அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டியபடி, நேரமாகிவிட்டதென்று வேகவேகமாக ஃபூல்மணி வந்தார். அவர் இழுத்த இழுப்புக்கு ஈடுகொடுத்து ஓட்டமும் நடையுமாகக் கூடவே வந்தது ஒரு ரோஸ் கவுன்.

"தம்பி மட்டும் போயிடுச்சு அக்கா" என்று ஃபூல்மணி சொல்லிக்கொண்டிருக்கும்போதே, படிக்கட்டுக்குக் கீழே கையை உதறிவிட்டு நின்றாள் சல்கி. டீச்சரின் முகத்தைப் பார்க்கவில்லை. கையைத்தான் பார்த்தாள், விரல் எங்கே நிற்கிறது என்று. பார்த்துவிட்டுத் தன் வலது கையைத் தூக்கி, ஆட்காட்டி விரலின் நுனியில் கட்டைவிரலை வைத்துக் காட்டினாள்.